பால் கொடுக்கும் காலத்து எரிச்சல்

பிரசவத் தையல் ஆறி, தீட்டும் நின்ற பிறகும் எனக்குக் கீழே எரிச்சல் போகவில்லை. ஒன்றுக்குப் போனால் காந்தும். வீட்டுக்காரரோடு சேர்ந்தால் வலியில் உயிர் போனது. அத்தையிடம் சொன்னேன். "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்றார். மாதங்கள் ஓடின. கோத்தகிரியிலிருந்து குன்னூருக்கு பஸ் ஏறி டாக்டரம்மாவைப் பார்த்தேன்.

சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி எதுவும் இல்லை. "பால் கொடுக்கிறியாம்மா?" என்று கேட்டார். எரிச்சலுக்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று விழித்தேன். நஞ்சுக்கொடி வெளியே வந்ததுமே ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் மளமளவென்று இறங்கிவிடுமாம். பால் கொடுக்கிற வரை, பால் சுரக்க வைக்கிற புரோலாக்டின் ஹார்மோன் அதைச் சட்டென்று ஏறவிடாது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் பிறப்புறுப்பின் உட்தோல் மெலிந்து வறண்டுபோகும், லேசாக உரசினாலே எரியும். வயதாகி மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு வருகிற அதே வறட்சிதான். இதற்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை. குழந்தை பால் குடிப்பது குறைந்து, மாதவிலக்கு திரும்பும்போது பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும்.

அதுவரை சேரும்போது தடவிக்கொள்ள, தண்ணீரில் கரையும் ஜெல் எழுதிக் கொடுத்தார். மெடிக்கல் ஷாப்பில் கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது, கேட்டு வாங்கினேன். தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: எண்ணெய் பட்டால் ரப்பர் ஆணுறை கிழிந்துவிடலாம். ஜெல்லில் கேட்காவிட்டால் ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கிறது, அது டாக்டர் சொன்னால் மட்டும்.

சோப்பு, டெட்டால் எதையும் உள்ளே விட்டுக் கழுவக் கூடாது. சாம்பிராணிப் புகையைக் கீழே காட்டுவதும் வேண்டவே வேண்டாம். மெலிந்த தோல் வெந்துவிடும். பெரியவர்கள் பாசத்தில்தான் சொல்கிறார்கள், ஆனாலும் மறுத்துவிடுங்கள்.

எங்கள் ஊர் மழை மாதங்களில் வெயிலே வராது. கொடியில் கிடக்கிற ஜட்டி தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், இடுப்புப் பட்டையில் மட்டும் ஈரம் நிற்கும். அதைப் போட்டால் அரிப்புதான். அயர்ன் பாக்ஸால் அந்தப் பட்டையை ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டுத்தான் போடுகிறேன். தயிர்த் திப்பி மாதிரி வெள்ளைபட்டு அரித்தால் அது வறட்சி இல்லை, பூஞ்சைத் தொற்று. அதற்கு மருந்து வேறு.

தும்மினால் சிறுநீர் கசிகிறதா? அடக்குவது போல இறுக்கிப் பிடித்து விடும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள். தேயிலைக் கொழுந்து மூட்டை தூக்கும்போது கீழே ஏதோ இறங்குவது போல இருந்தால் தூக்குவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

பிரசவமான புதிதில் தீட்டில் கெட்ட வாடை, காய்ச்சல், ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு நனைகிற அளவு ரத்தம், இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். மலையில் ராத்திரி பஸ் கிடையாது, 108-ஐக் கூப்பிடுங்கள்.