கவுண்டர்ஸ்பெல் தகராறும் ஒரு கேரம் ஸ்ட்ரைக்கரும்

நேற்றைய ஆட்டத்தில் நான்கு முறை கவுண்டர்ஸ்பெல், அதாவது எதிராளி ஓதும் மந்திரத்தைத் தடுக்கும் மந்திரம், விழுந்தது. ஒரு முறைகூட யாருடைய குரலும் உயரவில்லை. ஆறு வாரங்களுக்கு முன் இதே மந்திரம் நாற்பது நிமிடம் ஆட்டத்தை நிறுத்தி வைத்தது. பாலடின் என்ற போர்வீரர் பாத்திரம் ஆடும் அக்கா, வாங்கி வைத்த பரோட்டாவைத் தொடாமலே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அதன் பிறகு என்னென்ன செய்து பார்த்தேன் என்பதை எழுதி வைக்கிறேன். நாங்கள் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு, 2014 விதிப்புத்தகம். ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு அது. கதையையும் எதிரிகளையும் நடத்தும் நடுவர் நான். எல்லோருடைய பாத்திரமும் ஆறாம் நிலை.

நடந்தது இதுதான். என் எதிரிப் பாத்திரமான சூனியக்காரியின் முறை வந்தது. "ஃபயர்பால் வீசுகிறாள், எல்லோரும் டெக்ஸ்டெரிட்டி சேவ் உருட்டுங்கள்" என்றேன். உருட்டினார்கள். அந்த நெருப்புக் குண்டிலிருந்து விலகிக்கொள்ள உருட்டும் பகடை அது. விஸார்ட், அதாவது மந்திரவாதி, ஆடும் தம்பிக்கு வெறும் 6 விழுந்தது. விழுந்த பகடையைப் பார்த்தபடியே, "அண்ணா, நான் கவுண்டர்ஸ்பெல் போடுகிறேன்" என்றான். "பகடை நின்ற பிறகு என்னப்பா கவுண்டர்ஸ்பெல்?" என்றார் அக்கா. கிளெரிக் ஆடும் நண்பர் இன்னொரு முனையிலிருந்து பிடித்தார். எதிரி ஓதுவது எந்த மந்திரம் என்று கண்டுபிடிக்கவே ஒரு ரியாக்‌ஷன் செலவாகும் என்று 2017-இல் வந்த சானத்தார்ஸ் கைடு என்ற துணை விதிப்புத்தகம் சொல்கிறது. கவுண்டர்ஸ்பெல்லுக்கும் ரியாக்‌ஷன்தான் வேண்டும். இந்தக் குறுக்கீட்டு வாய்ப்பு ஒருவருக்கு ஒரு சுற்றில் ஒன்றுதான். அப்படியானால் அது ஃபயர்பால் என்றே தம்பிக்குத் தெரிந்திருக்கக் கூடாது. "பெயரைச் சொன்னது அண்ணாதானே!" என்றான் தம்பி.

மூன்று பேர் சொன்னதும் சரி. ஓதுவதைக் காணும் கணத்தில் குறுக்கிட அவனுக்கு உரிமை உண்டு. அந்தக் கணத்தை நான் கொடுக்கவே இல்லை. தன் பகடையைப் பார்த்த பிறகு வாய் திறந்ததும் உண்மை. அவனிடம் இருந்தது 32 ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப் புள்ளி. சூனியக்காரி ஐந்தாம் நிலை ஸ்லாட்டில் வீசியிருந்தாள். ஸ்லாட் என்பது மந்திரம் ஓதச் செலவிடும் சக்தி, நிலை கூடினால் வலுவும் கூடும். பத்து ஆறுமுகப் பகடைகள், சராசரியே 35. கடைசியில் நான் அனுமதித்தேன். ஐந்தாம் நிலை மந்திரத்தை மூன்றாம் நிலை ஸ்லாட்டால் தடுக்க 15 வேண்டும். அவன் 11 உருட்டினான், இன்டெலிஜென்ஸ் 4 சேர்ந்து சரியாக 15. அந்த நொடியில்தான் அக்கா எழுந்தார்.

முதலில் முயன்றது, நடுவர் சொல்லே முடிவு என்பது. போர் விளையாட்டுக்காரர்களுக்கு இது பழைய வழக்கு. 1824-இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் வெளியிட்ட கிரீக்ஸ்ஷ்பீல் என்ற போர் விளையாட்டு முழுக்க அட்டவணையும் பகடையும்தான். 1876-இல் வெர்டி டு வெர்னுவா அவற்றை ஒதுக்கிவிட்டு, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். எங்கள் மேசையில் அது எடுபடவில்லை. விதியை நம்பித்தான் தம்பி, தன் பாத்திரம் ஐந்தாம் நிலைக்கு வந்தபோது அந்த மந்திரத்தையே தேர்ந்தெடுத்தான். அதை என் மனநிலைக்கு விட்டுவிடச் சொல்வது நியாயமாகப் படவில்லை.

அடுத்து இரண்டு நிமிட மணல் கடிகாரம். வாதம் தொடங்கினால் கவிழ்ப்பேன், மணல் தீர்ந்ததும் முடிவு சொல்வேன். நேரம் மிச்சமானது. ஆனால் அந்த இரண்டு நிமிடத்தையும் உரக்கப் பேசுகிறவர்களே எடுத்துக்கொண்டார்கள். ரேஞ்சர் ஆடும் பெண் மிகவும் அமைதியானவர். மூன்று வாரத்தில் ஒரு தடவைகூட அவர் வாய் திறக்கவில்லை. கடிகாரத்தை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

இதற்குள் ஒன்று பிடிபட்டிருந்தது. ஆட்டத்தை நிறுத்திய தகராறுகளை ஒரு நீள நோட்டில் தேதி போட்டு எழுதி வந்தேன். திருப்பிப் பார்த்தால், விதிக்கு என்ன பொருள் என்ற சண்டை அதில் மிகக் குறைவு. யார் எப்போது சொன்னார்கள், சொல்லும்போது அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதுதான் பக்கத்துக்குப் பக்கம். ஆகவே விதியை விளக்குவதை விட்டுவிட்டு, சொல்லும் வரிசையைச் சரிசெய்யத் தொடங்கினேன்.

"ஒரு மந்திரம் ஓதுகிறாள், யாராவது குறுக்கிடுகிறீர்களா?" என்று கேட்டுப் பார்த்தேன். ஒரே மாலையில் கைவிட்டேன். அற்ப மந்திரங்களுக்குக் கேட்க மறந்துவிடுகிறேன், பெரியதற்கு மட்டும் கேட்கிறேன். கேள்வியே துப்புக் கொடுத்துவிடுகிறது. குரலை ஒரே மாதிரி வைத்துக்கொள்ள எவ்வளவு முயன்றாலும் முடியவில்லை.

அப்போதுதான் ஸ்ட்ரைக்கர் வந்தது. வீட்டில் கேரம் போர்டு இருக்கிறது. எதிரி எந்த மந்திரம் ஓதினாலும், எவ்வளவு சிறியதானாலும், ஸ்ட்ரைக்கரை மேசையில் வைக்கிறேன். 'டொக்'கென்று ஒரு சத்தம். மந்திரத்தின் பெயரும் சொல்வதில்லை, ஸ்லாட்டின் நிலையும் சொல்வதில்லை. மனத்துக்குள் மூன்று எண்ணுகிறேன். அதற்குள் குறுக்கிட விரும்புகிறவர் ஸ்ட்ரைக்கரைத் தொட வேண்டும், பேச வேண்டியதில்லை. தொட்டால் ரியாக்‌ஷன் செலவு. தடுப்பதா கண்டுபிடிப்பதா என்பதைத் தொட்ட பிறகு சொல்லலாம். நான் எடுத்துவிட்டால் வாசல் மூடிவிட்டது, அதன் பிறகுதான் பெயரும் பகடையும். முதலில் ஒரு பழைய நாணயத்தை வைத்தேன், சத்தமே வரவில்லை. ஸ்ட்ரைக்கருக்கு 15 கிராம் வரை எடை உண்டு, விழுந்தால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். நேற்று முதலில் கை நீட்டியது ரேஞ்சர் பெண். அவருக்குக் கவுண்டர்ஸ்பெல் கிடையாது. கண்டுபிடிக்கத்தான் தொட்டார், மந்திர அறிவுக்கான ஆர்கானா பகடையை உருட்டினார், மந்திரத்தின் பெயரைச் சொன்னேன். தம்பி அதைக் கேட்டுக்கொண்டு ஸ்ட்ரைக்கரைத் தொட்டான். ஒருவர் அடையாளம் காண, இன்னொருவர் தடுப்பது! இத்தனை நாள் விதியில் இருந்த இந்தக் கூட்டுவேலையை நாங்கள் ஒரு முறைகூட ஆடியதில்லை.

குறை ஒன்று இருக்கிறது. ஆட்டக்காரர்கள் தாங்கள் ஓதும்போது ஸ்ட்ரைக்கர் வைக்க மறக்கிறார்கள். பெயரைக் கேட்ட பிறகு என் எதிரி தடுத்தால் அது அநியாயம், தடுக்காவிட்டால் என் எதிரிக்கு நஷ்டம். இப்போதைக்கு, பெயர் வாயிலிருந்து வந்துவிட்டால் நான் தடுப்பதில்லை. அவர்கள் பக்கத்துக்கு இன்னொரு ஸ்ட்ரைக்கர் வேறு நிறத்தில் வாங்க வேண்டும். காந்திபுரத்தில் விளையாட்டுச் சாமான் கடையில் சிவப்பு இருக்கிறதாம்.

அந்தப் பக்கம் போகும்போது கட்டத்துணிக்கும் வழி பார்க்க வேண்டும். சண்டைக் களத்தை ஃபிளெக்ஸில் அச்சடித்து வாங்கியிருந்தேன். காகித வரைபடம் போல மடிப்பில் கிழியாது, ஒயிட்போர்டு மார்க்கரால் எழுதி அழிக்கலாம். ஆனால் கோப்பை அனுப்பும்போது பக்கத்துக்கு ஏற்பச் சுருங்கும்படி விட்டுவிட்டேன். ஓர் அங்குலக் கட்டம் 23 மில்லிமீட்டராக வந்து நின்றது. 25 மில்லிமீட்டர் அடித்தட்டுள்ள பொம்மைகள் கட்டத்துக்கு வெளியே பிதுங்குகின்றன. கவுண்டர்ஸ்பெல் எட்டுவது 60 அடி, அதாவது 12 கட்டம். 13-ஆவது கட்டத்தில் நின்ற எதிரியை, டேப்பால் அளந்து 12 அங்குலத்துக்குள் இருக்கிறான் என்று தம்பி காட்டினான். அளவும் பொய்யில்லை! கட்டத்தை எண்ணுவதே கணக்கு என்று நோட்டில் எழுதி, தம்பியிடம் கையெழுத்து வாங்கினேன். அடுத்த முறை கோப்பின் ஓரத்தில் பத்து அங்குல அளவுகோல் ஒன்றை வரைந்து, கடையிலேயே அளந்து பார்த்த பிறகுதான் பணம் கொடுப்பேன்.

2024 பதிப்புக்கு மாறிவிடலாமே என்று கிளெரிக் நண்பர் கேட்கிறார். அதில் கவுண்டர்ஸ்பெல் விழுந்தால், ஓதுகிறவர் கான்ஸ்டிட்யூஷன், அதாவது உடல் உறுதி, சேவ் உருட்டுகிறார், தோற்றாலும் ஸ்லாட் வீணாகாது. தோற்றவருக்கு வலி குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எப்போது சொல்வது என்ற சிக்கல் அதிலும் அப்படியே இருக்கிறது. நடந்துகொண்டிருக்கும் கதையை முடிக்காமல் பதிப்பு மாற்ற எனக்கு விருப்பமில்லை.

அக்கா மூன்றாவது வாரமே திரும்பி வந்துவிட்டார். நேற்று பரோட்டா அவர் வாங்கி வந்தது.

வரும் ஞாயிற்றுக்கிழமை புதிதாக ஒருவர் சேர்கிறார், சார்சரர் என்ற இன்னொரு வகை மந்திரவாதி ஆடப்போகிறார், சட்டில் ஸ்பெல் எடுத்திருக்கிறார். சொல்லும் இல்லாமல் கையசைவும் இல்லாமல் ஓதுகிற வித்தை அது. ஓதுவது கண்ணில் படாவிட்டால் தடுக்கவும் முடியாது, ஆகவே அவர் ஸ்ட்ரைக்கர் வைக்க வேண்டியதில்லை. இதுவரை அழகாகப் பொருந்துகிறது. ஆனால் ஃபயர்பாலுக்கு வௌவால் எச்சமும் கந்தகமும் கையில் வேண்டும். சட்டில் ஸ்பெல் பொருளை நீக்குவதில்லை. கையில் இருக்கும் அந்தச் சிறு உருண்டையை எதிரி பார்த்துவிட்டால் ஸ்ட்ரைக்கர் விழ வேண்டும் என்பது என் எண்ணம். இன்று இரவே அவரை அழைத்துச் சொல்லிவிடப் போகிறேன், பகடை உருளும் முன்பாகவே.