டிராப்ல பேஸ் எங்கே?

அட்டன் பஸ்ல இன்னைக்கு ஒரு டப்ஸ்டெப் (கனமான பேஸ் வச்ச எலக்ட்ரானிக் இசை) ரீமிக்ஸ். தப்படி (தப்பு மேளத்தோட அடி) ஏறி ஏறி வருது, டிராப் (ஏறி வந்த இசை வெடிச்சு இறங்குற இடம்) விழுது... பேஸைக் காணோம், அந்த அடித்தாழ ஒலியே இல்ல!

பஸ் ஸ்பீக்கரைத் திட்டிப் பயனில்ல. பேஸை ஸ்டீரியோவில அகலமா விரிச்சு வச்சா, இடதும் வலதும் மோனோவாச் (ஒரே சேனலா) சேரும்போது ஒன்றையொன்று தின்னுடலாம். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ எல்லாத்தையும் மோனோவாக்குங்க.

தப்பு மேளத்தைச் சேர்க்கிறது இன்னும் கஷ்டம். டப்ஸ்டெப் வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 140 அடி. ஸ்னேர் டிரம் மூணாவது அடியில விழுறதால 70 மாதிரிக் கேட்கும். மும்மூணா நடக்கிற தப்படியை நேர் கிரிட்ல (அடியை ரெண்டு, நாலாப் பிரிக்கிற கட்டத்துல) குவாண்டைஸ் பண்ணினா, அதாவது அடிகளைக் கட்டத்துக்கு இழுத்து ஒட்டினா, நடையே செத்துரும். அடியை மூணாப் பிரிக்கிற டிரிப்லெட் கிரிட் எடுங்க, அதையும் முழுசா இழுக்காம பாதியில விடுங்க. மலையகத்துக் காமன் கூத்து அடி மெஷின் மாதிரிக் கேட்டா யாருக்கு வேணும்?

தப்பில 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ ஹை-பாஸ் ஃபில்டர் போட்டு வெட்டிருங்க. அது பேஸோட இடம்.

மேஷப்னா (ரெண்டு பாட்டைக் கலக்கிறது) முதல்ல சுருதியைப் பொருத்துங்க, பிறகுதான் வேகம். குரலை ரெண்டு செமிடோனுக்கு (அரைச்சுரத்துக்கு) மேல நகர்த்தினா பாடுறது வேற ஆள் மாதிரி ஆயிரும்.

புதுசு தேடுறவங்க சவுண்ட்கிளவுட்ல பாட்டுப் பேரோட 'பூட்லெக்' (அனுமதியில்லா ரீமிக்ஸ்), 'ஃபிளிப்' (பாட்டை மாத்திப் பண்ணினது)னு சேர்த்துத் தேடுங்க. ஹெட்செட்ல கேளுங்க, 50 ஹெர்ட்ஸ் போன் ஸ்பீக்கர்ல வரவே வராது.