பாறை ஏறும் பொடிமீன்

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில் நம் கறிக்குக் ‘காரி’ என்று பெயர், முருங்கைக்கீரைக்கு ‘ப்ரெத் முரூம்’. புதுச்சேரியிலிருந்து போய் சேந்தாந்த்ரே ஊரில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் நண்பர் ஒருநாள் விடியுமுன்னே என்னை எழுப்பினார்: “வாங்கண்ணே, பிஷிக் வந்திருக்காம்.”

சேன்பெனுவாவில் மார்சுவேன் ஆறு கடலில் விழும் இடம். கூழாங்கற்களை ஒதுக்கி வாய்க்கால் கட்டி, அதில் கூம்புக் கூடைகளைப் பதித்திருந்தார்கள். நம்மூர்ப் பறியேதான், இங்கே ‘வூவ்’. ஒன்றைக் கவிழ்த்ததும் நெத்திலியைவிடச் சின்னதாக, கண்ணாடி மாதிரி மீன்குஞ்சுகள் கொட்டின. இதுதான் பிஷிக். விலை கேட்டேன். அப்புறம் ரூபாயில் கணக்குப் போடவில்லை.

இந்தப் பொடி பிறந்தது மலை ஓடையில், கல்லுக்கு அடியில். பொரிந்ததும் நீரோட்டம் கடலுக்கு அடித்துப் போகிறது. சில நாட்களில் உப்புநீர் கிடைக்காவிட்டால் சாவுதான். மாதக்கணக்கில் கடலில் திரிந்துவிட்டு மறுபடி ஆற்றுக்கு வருகிறது. சாதாரண ஆறா அது? 1966 ஜனவரியில் இந்தத் தீவின் ஃபோக்ஃபோக்கில் 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. மழை கொட்டியது. சென்னையில் சராசரியாக வருஷம் முழுக்கப் பெய்யும் மழைகூட அவ்வளவு வராது. அந்தத் தண்ணீர் இறங்கும் செங்குத்துப் பாறையில்தான் இது ஏற வேண்டும்.

அதற்காக முகமே மாறுகிறது. முன்னால் இருந்த வாய் சில நாட்களிலேயே அடிப்பக்கம் இறங்கிவிடுகிறது. பாசியைச் சுரண்டித் தின்னவும் அந்த வாய், ஏறவும் அதே வாய். வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் ஒட்டிக் கிண்ணமாக இருக்கின்றன. வாயால் பாறையைக் கவ்வி உடம்பை இழுக்கும். கிண்ணத்தால் பிடித்துக்கொண்டு வாயை விடும். கொஞ்சம் மேலே போய் மறுபடி கவ்வும். அட்டை ஊர்வதைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும்.

மதியம் தக்காளி போட்டு பிஷிக் காரி. ருசி, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஏறத் தொடங்குமுன்பே பிடித்து விடுகிறோமே என்று ஒரு உறுத்தல். இரண்டாம் முறை போட்டுக்கொண்டபோதும் அது இருந்தது.

சாயங்காலம் பசேன் லா பே அருவிக்குப் போனோம். வளர்ந்த மீனை உள்ளூரில் ‘வட்டவாய்’ என்று பொருள்படும் பெயரால் கூப்பிடுகிறார்கள். விரல் நீளத்தில் ஒன்று, ஓடும் தண்ணீரில் கல்லோடு ஒட்டி அசையாமல் இருந்தது. நன்றாகப் பார்க்கலாமென்று ஈரப்பாறையில் காலை வைத்தேன். இடுப்புவரை நனைந்தேன்.

நண்பர் கை கொடுத்துத் தூக்கினார். “பிஷிக்கா பொறந்திருந்தா உங்களுக்கு வூவ்தான் அண்ணே.”