பக்கத்து வீட்டு அம்மம்மாவின் யுத்தம்

நாங்கள் கலிபோர்னியாவின் ரிச்மண்டுக்குக் குடிவந்து மூன்றாவது கிழமை. புதன்கிழமை, காலை 11 மணி. அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. மகளுக்கு அப்போது இரண்டு வயது. குசினித் தரையில் இருந்து சட்டி மூடிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று சைரன். ஒரு இடத்தில் இருந்து அல்ல, ஊர் முழுவதிலும் இருந்து ஒரே நேரத்தில் ஏறி ஏறி வருகிற சத்தம். நான் எதையும் யோசித்துச் செய்யவில்லை. பிள்ளையை அள்ளிக்கொண்டு குளியலறைக்குள் ஓடி, தொட்டிக்குள் படுத்து, அவளுக்கு மேல் கவிழ்ந்துகொண்டேன். பருப்பு அடிப்பிடித்த மணம் வந்தபோதுதான் எழும்பினேன்.

கதவைத் தட்டியது பக்கத்து வீட்டு வயதான பெண். எங்கள் யன்னலால் புகை போவதைக் கண்டு வந்திருக்கிறார். என் முகத்தைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. இந்தக் கவுண்டியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் இருப்பதால் மாதத்தின் முதல் புதன்கிழமை 11 மணிக்குச் சைரனைச் சோதித்துப் பார்ப்பார்கள் என்றார். "உனக்கும் பழகிவிடும். எனக்கு எட்டு வயதில் பழகியது."

எட்டு வயதிலா? அமெரிக்காவில் எப்போது சைரன் ஊதியது? அப்போது கேட்கத் தோன்றவில்லை. சட்டியை உரஞ்சுகிற வேலை இருந்தது.

யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு இப்படி ஒழுங்கான முன்னறிவிப்பு எதுவும் இருந்ததில்லை. குண்டு போட வரும் பொம்மர் விமானத்தின் இரைச்சல்தான் சைரன். 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியபோது எனக்கும் எட்டு வயதுதான். மின்சாரம் போனது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் மண்ணெண்ணெயும் விட்டு, அந்த வெளிச்சத்தில் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, அண்ணா பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடியது. சவர்க்காரம், பற்றரி, சீனி எல்லாம் கைக்கு எட்டாத விலை. இதையெல்லாம் கடந்து வந்தவள் என்ற ஒரு கர்வம் எனக்குள் இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். அமெரிக்கர் யாராவது யுத்தம் பற்றிக் கதைத்தால், 'உங்களுக்கு என்ன தெரியும்' என்று மனதுக்குள் ஒரு குரல் கேட்கும்.

அந்த அம்மாவோடு பழக்கம் வந்தது மகளால். மகள் அவரை 'அம்மம்மா' என்றே கூப்பிட்டாள். அப்படி என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்ட நாளில் இருந்து அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்.

மகள் நான்காம் வகுப்பில் இருந்தபோது, ஊரில் உள்ள ஒரு பெரியவரிடம் அவருடைய சின்ன வயதுக் கதையைக் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். மகள் நேரே பக்கத்து வீட்டுக்குப் போனாள். நான் ஒரு தட்டில் வாய்ப்பன் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

அவருடைய அப்பா 1941இல் ஓக்லஹோமாவில் இருந்து ஒரு பழைய காரில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வந்தவர். ரிச்மண்டின் கரையில் தொழிலதிபர் ஹென்றி கைசரின் கப்பல் கட்டும் தளங்கள் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தன. 1940இல் சுமார் 24,000 பேர் இருந்த ஊர், மூன்றே வருடத்தில் 90,000ஐத் தாண்டியது. நான்கு தளங்களிலும் சேர்த்து இரண்டாம் உலக யுத்தம் முடிவதற்குள் 747 கப்பல்கள் கட்டினார்கள். 1942 நவம்பரில் ஒரு கப்பலை நாலரை நாளில் கட்டி இறக்கினார்கள் என்பதை இந்த ஊரில் இப்போதும் பெருமையாகச் சொல்வார்கள்.

ஆனால் அம்மம்மாவின் கதையில் கப்பல் அதிகம் வரவில்லை. படுக்கைதான் வந்தது. முதல் சில மாதங்கள் அவர்கள் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். அங்கே ஒரே கட்டிலில் மூன்று பேர் முறை வைத்து நித்திரை கொள்வார்களாம். ஒருவர் எழும்பி வேலைக்குப் போக, வேலை முடிந்த இன்னொருவர் வந்து அதே சூட்டில் படுப்பார். பகலில் யாராவது எப்போதும் நித்திரை. அதனால் பிள்ளைகள் வீட்டுக்குள் சத்தம் போடக்கூடாது. "சின்ன வயதிலேயே குசுகுசுக்கப் பழகிய தலைமுறை நாங்கள்" என்று சிரித்தார். பள்ளிக்கூடத்திலும் இடம் இல்லை. ஒரு கூட்டம் காலையில் போய் வரும், அடுத்த கூட்டம் மத்தியானம் போகும். உள்ளூர்ப் பிள்ளைகள் இவரை 'ஓக்கி' என்று பழிப்பார்களாம். ஓக்லஹோமாவில் இருந்து வந்த ஏழைகளுக்கு அந்தக் காலத்துக் கலிபோர்னியா வைத்த பெயர். வந்தேறிகளைக் கேலி செய்ய ஒரு சொல் எல்லா ஊரிலும் தயாராக இருக்கும்போல. கொழும்பில் எனக்கும் ஒன்று கிடைத்தது.

பிறகு அட்சிசன் வில்லேஜில் வீடு கிடைத்தது. கப்பல் தள வேலையாட்களுக்காக அரசாங்கம் கட்டிய 450 வீடுகள். இன்றும் இருக்கின்றன, நடந்தே போய்ப் பார்க்கலாம். "அங்கே கறுப்பினக் குடும்பம் ஒன்றுகூட இல்லை. விடமாட்டார்கள். அப்பாவோடு அதே கப்பலில் வேலை செய்தவர்கள் எங்கே படுத்தார்கள் என்று எனக்கு யோசிக்கத் தோன்றியதே இருபது வயதுக்குப் பிறகுதான்."

1943இல் அம்மாவும் தளத்தில் வெல்டிங் வேலைக்குப் போனார். மூன்று வயதுத் தம்பியைப் பகல் பராமரிப்பு நிலையத்தில் விட்டார்கள். சாப்பாட்டோடு சேர்த்து ஒரு நாளுக்கு 50 சதம். அந்தக் காலத்தில் ரிச்மண்டில் இப்படி 35 நிலையங்கள் இருந்தன. அதில் ஒன்றான மாரிடைம் நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது, பழைய வகுப்பறை ஒன்றையும் அப்படியே வைத்திருக்கிறார்கள். மகளோடு போனபோது அந்தச் சின்னக் கதிரைகளைப் பார்த்து எனக்கு வேறு ஒரு கணக்கு ஓடியது. இவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பராமரிப்புக்குக் கட்டிய காசில் நாங்கள் ஊரில் ஒரு காணி வாங்கியிருக்கலாம். யுத்தத்துக்குப் பெண்கள் தேவைப்பட்டபோது பணம் எங்கிருந்தோ வந்திருக்கிறது.

அம்மம்மா பெரிய பிள்ளை, அவருக்கு நிலையம் இல்லை. சப்பாத்துக் கயிற்றில் வீட்டுத் திறப்பைக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தார். அப்படித் திரிந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் வந்த 'லாட்ச்கீ கிட்ஸ்' என்ற பெயர் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பின்னேரம் தனியாகக் கதவைத் திறந்து, அம்மா எழுதி வைத்த துண்டைப் பார்த்து, உருளைக்கிழங்கை அவிய வைப்பாராம். இருட்டு விழுந்தால் யன்னல் திரையை இழுத்து மூட வேண்டும், வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது. கடற்கரை ஊர் என்பதால் ஜப்பான் விமானம் வரும் என்ற பயம். 1941 டிசம்பரில் முதல் சில இரவுகள் சைரன் ஊதியபோது அப்பா எல்லோரையும் மேசைக்குக் கீழே இருத்தினார். விமானம் வரவே இல்லை.

"எங்களுக்குக் குண்டு விழவில்லை" என்று அவர் அடிக்கடி சொன்னார். என்னிடம் மன்னிப்புக் கேட்கிற தொனி.

சீனிப் பங்கீடு பற்றிச் சொன்னபோது என் கர்வம் கொஞ்சம் தலைதூக்கியது உண்மை. 1942 மே மாதத்தில் தொடங்கியபோது ஆளுக்குக் கிழமைக்கு அரை இறாத்தல் சீனி. அரை இறாத்தல்! நாங்கள் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தோம். கைக்குழந்தைக்குக்கூடத் தனிப் பங்கீட்டுப் புத்தகம் கொடுத்தார்களாம், அதில் முத்திரை கிழித்துக் கொடுத்தால்தான் சாமான். சப்பாத்து வருடத்துக்கு 3 சோடி. எனக்கு ஒரு சோடிதான், அதுவும் அக்காவுடையது. இப்படி மனதுக்குள் போட்டிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அவரோ எதையும் குறையாகச் சொல்லவில்லை. இரப்பர் இல்லாததால் பந்து இல்லை, சூயிங்கம் இல்லை, தகர விளையாட்டுச் சாமான் இல்லை என்பதை, மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

பிள்ளைகளுக்கு வேலையும் இருந்தது. சமைத்து மிஞ்சிய கொழுப்பை டின்னில் ஊற்றி இறைச்சிக் கடையில் கொடுப்பார்கள், அதிலிருந்து எடுக்கும் கிளிசரின் வெடிமருந்துக்குப் போகும். பழைய தகரம், கடதாசி, கிழிந்த ரயர் எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் சேர்ப்பார்கள். மிச்சிகன் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விசித்திரமான ஒரு வேலை. உயிர்காப்பு அங்கிக்குள் அடைக்கும் இலவம்பஞ்சு ஜாவாவில் இருந்து வந்துகொண்டிருந்தது. ஜாவாவை ஜப்பான் பிடித்ததும் அது நின்றுபோக, நம் எருக்கலையின் இனமான ஒரு செடியின் காயைப் பறித்து அதன் பஞ்சைச் சேர்க்கச் சொன்னார்கள். இரண்டு மூட்டை காய்க்கு ஒரு அங்கி. எருக்கலைக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததைக் கேட்டால் என் அப்பா நம்பமாட்டார்.

அன்றைக்கு அவர் அலுமாரியில் இருந்து ஒரு சின்ன ஆல்பத்தை எடுத்து வந்தார். யுத்தச் சேமிப்பு முத்திரை ஒட்டும் ஆல்பம். கிழமைக்கு ஒரு முறை பள்ளிக்கூடத்தில் 25 சதத்துக்கு ஒரு முத்திரை விற்பார்கள். 75 ஒட்டினால் 18 டொலர் 75 சதம். அதைக் கொடுத்து ஒரு பத்திரம் எடுத்தால் பத்து வருடத்தில் 25 டொலர் கிடைக்கும். மகள் விரலை வைத்து எண்ணினாள். அறுபத்திரண்டு. "மிச்சம் பதின்மூன்றும் எங்கே?" என்று கேட்டாள். "அதற்குள் யுத்தம் முடிந்துவிட்டது" என்றார் அம்மம்மா. பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு யுத்தம் அவசரப்பட்டு முடிந்ததுபோல இருந்திருக்கும்.

1945 ஆகஸ்டில் கப்பல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஊதின. தெருவில் ஆட்டம், பாட்டு. அதே மாதத்திலேயே அம்மாவுக்கு வேலை நின்றது, கொஞ்ச நாளில் அப்பாவுக்கும். தளங்கள் மூடின. கூடப் படித்த பிள்ளைகளில் பாதிப்பேர் ஆர்கன்சாவுக்கும் டெக்சாசுக்கும் திரும்பிப் போக, வகுப்பு வெறிச்சென்று போனது. அவசரத்துக்குக் கட்டிய குடியிருப்புகளை ஐம்பதுகளில் இடித்தார்கள். அம்மா பழம் அடைக்கும் ஆலைக்குப் போனார். நல்லவேளையாக, மத்திய அரசு பராமரிப்பு நிலையங்களுக்குக் காசை நிறுத்தியபோது தாய்மார் சண்டை பிடித்ததில் கலிபோர்னியா மாநிலம் அவற்றைத் தன் காசில் தொடர்ந்து நடத்தியது. சூயிங்கம் திரும்பி வந்தது. கோடை வந்தால் போலியோப் பயத்தில் நீச்சல் குளத்துக்குப் போக விடமாட்டார்கள். 1951க்குப் பிறகு தம்பியின் வகுப்பில் அணுகுண்டுப் பயிற்சி. மணி அடித்ததும் மேசைக்குக் கீழே போய்ப் பிடரியைக் கையால் மூட வேண்டும். "அப்பா 41இல் செய்ததைத் தம்பி பள்ளிக்கூடத்தில் படித்தான்."

எழுதி முடித்த மகள் கடைசிக் கேள்வியாக, "உங்கள் வகுப்பில் உங்களுக்கு யார் சிநேகிதி?" என்று கேட்டாள்.

அம்மம்மா கொஞ்சம் யோசித்தார். மூன்றாம் வகுப்பில் பக்கத்தில் இருந்த பிள்ளை என்றார். 'ஓக்கி' என்று கூப்பிடாத ஒரே பிள்ளை. ஜப்பானியக் குடும்பம். ரிச்மண்டிலும் எல் செரிட்டோவிலும் அவர்களுக்குக் கண்ணாடி வீடுகளில் ரோஜாவும் கார்னேஷனும் வளர்க்கும் பண்ணைகள் இருந்தன. அந்தப் பிள்ளை ஆசிரியைக்கு ஈரக் கடதாசியில் சுற்றிக் கார்னேஷன் கொண்டுவரும். 1942 பெப்ரவரி 19இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு உத்தரவில் கையெழுத்திட்டார். மேற்குக் கரையில் இருந்த சுமார் 120,000 ஜப்பானிய வம்சாவளியினரை, பெரும்பாலானோர் அமெரிக்கப் பிரஜைகளாக இருந்தும், அப்புறப்படுத்தினார்கள். இந்தப் பகுதி ஆட்களை முதலில் சான் புரூனோவில் உள்ள டான்ஃபொரான் குதிரைப் பந்தயத் திடலில், குதிரை கட்டிய கொட்டில்களில் வைத்திருந்தார்கள். பிறகு யூட்டா பாலைவனத்தில் டோபாஸ் முகாம்.

"அது எதுவும் எனக்குத் தெரியாது. ஒரு திங்கட்கிழமை கதிரை காலியாக இருந்தது. டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் கப்பல் தளத்துப் பிள்ளை ஒன்று வந்து அதில் இருந்தது." ஆல்பத்தை மூடினார். "முத்திரை எத்தனை என்று ஞாபகம் இருக்கிறது. சாப்பாட்டுக்கு என்ன விலை என்று ஞாபகம் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் பெயர் வரமாட்டேன் என்கிறது."

வீட்டுக்கு வரும்போது மகள் கேட்டாள். "அம்மா, உங்கட வகுப்பிலயும் ஆராவது அப்பிடிப் போனவையா?"

இருந்தாள் ஒருத்தி. 1990இல் கோட்டைச் சண்டையால் எங்கள் பள்ளிக்கூடம் பூட்டுவதும் திறப்பதுமாக இருந்த காலம். திறந்த நாட்களில் என் பக்கத்தில் இருந்தவள். சோனகத் தெருப் பிள்ளை. நோன்புப் பெருநாள் முடிந்தால் வட்டிலப்பம் கொண்டுவருவாள். எனக்கு அவளுடைய பெயர் நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஆனால் இத்தனை வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஒக்டோபரில் வடக்கில் இருந்த முஸ்லிம்கள் அத்தனை பேரையும், 70,000க்கும் அதிகமானோரை, புலிகள் வெளியேறச் சொன்னார்கள். 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து ஆட்களுக்குக் கொடுத்தது இரண்டு மணித்தியாலம். எங்கள் வீட்டில் அப்பா அன்றைக்கு றேடியோவைப் போடவில்லை. அதைப் பற்றி யாரும் கதைக்கவும் இல்லை. அவள் போனது ஏன் என்று நான் கேட்டதாகவும் ஞாபகம் இல்லை.

இதை மகளிடம் பாதி சொன்னேன், பாதி சொல்ல வரவில்லை. நான் வராத நாட்களின் கணக்குப் பாடத்தைப் பார்த்து எழுத, அவளுடைய கொப்பி என்னிடம் இருந்தது என்பதைச் சொன்னேன். நீல மட்டை போட்டது.

"திருப்பிக் குடுத்தனீங்களா?"

இல்லை. சரியாக ஐந்து வருடம் கழித்து, அதே ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, மழைக்குள் நாங்களும் ஊரை விட்டு வெளிக்கிட்டோம். சைக்கிளில் அரிசி, இரண்டு பாய், ஜாம் போத்தல் விளக்கு. கொப்பி புத்தகத் தட்டில் கிடந்தது. அடுத்த வருடம் திரும்பிப் போனபோது தட்டும் இல்லை.