ஆண்டுக் கட்டணம் கட்டலாமா?

ஆண்டுக் கட்டணம் கட்டி பிரீமியம் டிராவல் கிரெடிட் கார்டு எடுக்கலாமான்னு நண்பர்கள் கேட்டுட்டே இருக்காங்க. முதல்ல ஒண்ணு சொல்லுங்க, மாசா மாசம் பில்லை முழுசா கட்டிடுறீங்களா? இல்லைன்னா இந்தப் பேச்சே வேண்டாம். கார்டு வட்டிக்கு எந்த ரிவார்டும் ஈடு கொடுக்காது.

முழுசா கட்டுறவங்களும் விளம்பரத்துல வர்ற ‘மொத்தப் பலன்’ தொகையை அப்படியே நம்பிடாதீங்க. ஏர்போர்ட் லவுஞ்ச், ஹோட்டல் செலவுல கழிச்சுக்கிற கிரெடிட் எல்லாத்தையும் முழு விலைக்குக் கூட்டி வெச்சிருப்பாங்க. கார்டு இல்லாட்டியும் எதுக்கு நான் காசு கொடுத்திருப்பேனோ, அதை மட்டும்தான் கணக்குல சேர்க்கிறேன்.

கார்டுல செலவு பண்ணினா கிடைக்கிற ரிவார்டு பாயின்ட்டோட மதிப்பை நீங்களே போட்டுப் பாருங்க. டிக்கெட் விலை 40,000. பாயின்ட்ல எடுத்தாலும் கட்டவேண்டிய வரி, சர்சார்ஜ் 10,000. மிச்சம் 30,000. அதுக்கு 60,000 பாயின்ட் கேட்டா, ஒரு பாயின்ட்டுக்கு 0.50தான். பாயின்ட்டை ஏர்லைன் மைல்ஸா (ஏர்லைனோட சொந்த பாயின்ட்) மாத்திட்டா பொதுவா திரும்ப வாங்க முடியாது, ஒரு டிக்கெட்டுக்கு எத்தனை மைல்ஸ்ங்கிறதையும் ஏர்லைன் எப்ப வேணா ஏத்தலாம். மைல்ஸ்ல எடுக்க சீட் இருக்கான்னு பார்த்துட்டு மாத்துங்க. வருஷக்கணக்குல சேர்த்து வைக்கிறது எனக்குச் சரியாப் படலை.

அடிக்கடி வெளிநாடு போறவங்களுக்கு லவுஞ்சை விட ஃபோரெக்ஸ் மார்க்அப் (வெளிநாட்டு கரன்சியில செலவு பண்ணினா கார்டுல கூடுதலா எடுக்கிற கட்டணம்) முக்கியம். பல கார்டுல அது 3% வரைக்கும் இருக்கு. (கடையில “உங்க நாட்டு கரன்சியில போடட்டுமா”ன்னு கேட்டா வேண்டாம்னுடுங்க, அந்த ரேட் பெரும்பாலும் மோசமா இருக்கும்.)

என் கணக்குல பலனை விடக் கட்டணம்தான் அதிகமா வந்துது. இருக்கிற பாயின்ட் என்ன ஆகும்னு கேட்டுட்டு, கட்டணமில்லாத கார்டுக்கு மாறப்போறேன்.