மாரியில் பாய் விரித்தல்

மழைக்காலத்தில் சிறு படகில் பாய் விரித்து ஓடுவதை வீண் துணிச்சல் என்பவர்கள் மட்டக்களப்பு வாவியின் கிடப்பைக் கவனிக்காதவர்கள். கடற்கரைக்கு இணையாக வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீண்டுகிடக்கும் இந்த வாவியின் மீது, மார்கழி, தை மாதங்களில் வடகிழக்கிலிருந்து வரும் வாடைக் காற்று பெரும்பாலும் பக்கவாட்டிலிருந்தே வீசுவதால், போகும்போதும் திரும்பும்போதும் பாயைப் பாதியளவு தளர்த்திவிட்டு ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடலாம். காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து ஏறும் சிரமம் குறைவு. கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நிலம் அலையை மறித்துவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடுகிறது.

தென்னந்தோப்பு முடிந்து வெளி திறக்கும் இடங்களில் காற்று திடீரென்று பலத்து அடிக்கும். சுக்கான் பிடி கையில் அதிர, பாய்க் கயிற்றைச் சற்றே நெகிழ்த்தி, உடம்பைக் காற்றுப் பக்கமாகச் சாய்த்து அந்த வீச்சைத் தாங்குவதில்தான் எனக்கு ருசி. (மழையில் நனைவதைப் பற்றி என் வீட்டாரின் கருத்து வேறு.)

வெள்ள நாட்களில் நீர் கலங்கித் தேநீர் நிறமாகும்; ஆற்றுவாழை என்னும் நீர்ச்செடி கூட்டமாக மிதந்து வந்து சுக்கானில் சிக்கும். வலைக் கம்புகளையும் கண் விலகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் திறந்திருக்கும்போது மட்டும் அந்தப் பக்கம் நான் போவதில்லை. வெளியேறும் வெள்ளத்தின் இழுவைக்குப் பாயும் துடுப்பும் ஈடுகொடுக்கா.