பிளாஸ்டிக் பம்பரும் டிரேட் டெஸ்ட்டும்: ஸ்ப்ரே பெயின்டர் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஸ்ப்ரே பெயின்டர் டிரேட் டெஸ்ட்டுக்கு, அதாவது தொழில் தேர்வுக்குப் பெயர் கொடுத்தவர்களிடம் பேசினால், பெரும்பாலோர் கலர் மேட்சிங்கைப் பற்றியும் ஸ்ப்ரே கன் பிடிக்கும் கையைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். தேர்வை முடித்து ரெட் சீல் என்ற தொழில் சான்றிதழ் வாங்கியவன் என்ற முறையில் நான் சொல்வது இதுதான்: பிளாஸ்டிக் பாகத்தைத் தயார் செய்வதைப் படிக்கத்தான் அதிக நேரம் ஒதுக்குங்கள். தகட்டில் பல வருடம் வேலை பார்த்த நல்ல கைகாரர்கூட இங்கே திணறுகிறார். தகட்டில் பழகிய வேலை வரிசை பிளாஸ்டிக்குக்குப் பொருந்தாது. தேர்வாளர் கவனிப்பதும் அந்த வரிசையைத்தான். ஒவ்வொரு படிக்கும் ‘ஏன்’ என்று கேட்பார்.

முதலில் தேர்வுக்குப் போகும் வழி. டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நம் ஆட்கள் பலர் சின்ன வயதிலேயே பேனல் பீட்டர் (கார் உடல் பழுது பார்க்கும்) கடையில் சேர்ந்து தொழில் கற்றவர்கள். கையில் வேலை இருக்கும், காட்டத் தாள் இருக்காது. ஏஆர்பிஎல் என்ற, முன்பே கற்ற தொழிலை அங்கீகரிக்கும் வழி இவர்களுக்காகவே இருக்கிறது. செய்த வேலையை ஆதாரத்தோடு காட்டி, குறை இருக்கும் இடத்தில் பயிற்சி எடுத்து, அப்புறம் டெஸ்ட்டுக்கு உட்காரலாம். மோட்டார் துறைக்கு மெர்செட்டா, தேர்வின் தரத்தைப் பார்க்க நாம்ப், சான்றிதழ் தர க்யூசிடிஓ என்று தனித்தனி அமைப்புகள். ஒலிஃபான்ட்ஸ்ஃபோன்டெய்னில் இருக்கும் இண்ட்லேலா என்ற தேர்வு மையத்தைத் தவிர அங்கீகாரம் பெற்ற வேறு மையங்களும் உண்டு, விசாரித்துக்கொள்ளுங்கள். ஆதாரக் கோப்பில் பளபளக்கும் கார் படங்களை மட்டும் அடுக்காதீர்கள். கழுவியபின், தேய்த்தபின், பிரைமர் அடித்தபின் என்று ஒரே பம்பரின் ஒவ்வொரு நிலையையும் படம் எடுத்து வையுங்கள். வேலை தெரிந்தவர் என்பதை அந்தப் படங்கள்தான் காட்டும்.

இனி பம்பருக்கு வருவோம். என் தேர்வில் மேசைமேல் ஒரு பம்பரை வைத்து, “என்ன செய்யப் போகிறீர்கள்?” என்றார் தேர்வாளர். நான் அதைத் திருப்பிப் போட்டேன். உள்பக்கத்தில் இரண்டு அம்புமுனைகளுக்கு நடுவே பிபி, ஈபிடிஎம், டி20 என்று அச்சாகியிருந்தது. பிபி என்றால் பாலிப்ரொப்பிலீன். ஈபிடிஎம் அதோடு கலந்த ரப்பர், டி20 என்றால் நூற்றுக்கு 20 பங்கு டால்க் தூள். இன்றைய பம்பர்களில் பெரும்பாலானவை இந்தக் குடும்பம்தான். பக்கக் கண்ணாடியின் மூடி, முன் கிரில் போன்றவை பெரும்பாலும் ஏபிஎஸ். இந்த எழுத்துகளை வாசிக்கத் தெரிந்தால் பாதிக் கேள்விகளுக்குப் பதில் கையில் இருக்கிறது. பிபியின்மேல் பெயிண்ட் தானாக ஒட்டாது, ஏபிஎஸ்மேல் ஓரளவு ஒட்டும். ஆனால் ஏபிஎஸ்ஸைக் கடுமையான தின்னரால் துடைத்தால் மயிர்க்கோடாக வெடிக்கும். அசிட்டோனைக் கிட்டேயே கொண்டுபோகக் கூடாது.

பிபியில் ஏன் ஒட்டாது? இதைச் சொல்லத் தெரியாமல் தேர்வுக்குப் போகாதீர்கள். கழுவாத புது பம்பரில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு நிற்கும். திரவம் பரவ வேண்டுமானால் அதன் பரப்பு இழுவிசையைவிட அடிப்பரப்பின் ஆற்றல் கூடுதலாக இருக்க வேண்டும். தண்ணீருக்கு மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன், பிபிக்குச் சுமார் 30தான். பெயிண்டின் இழுவிசை தண்ணீரைவிடக் குறைவுதான், ஆனாலும் பிபி அதைப் பிடித்துக்கொள்ளும் பரப்பு கிடையாது. பெயிண்டிலுள்ள கரைப்பானும் அதற்குள் இறங்காது. கார் தொழிற்சாலைகளில் தீச்சுடரைப் பரப்பின்மேல் ஓட்டி இந்த ஆற்றலைக் கூட்டுவார்கள். கடையில் நமக்கு அட்ஹீஷன் புரமோட்டர், அதாவது பிடிப்பைக் கூட்டும் பூச்சுதான் வழி. அதில் இருக்கும் குளோரின் சேர்த்த பாலியோலிஃபின் ஒரு பக்கம் பிபியைப் பிடிக்கும், மறுபக்கம் பெயிண்டைப் பிடிக்கும்.

வரிசையில் முதலில் கழுவுதல். வார்ப்பு அச்சிலிருந்து பாகம் எளிதாகக் கழன்றுவர மெழுகு, சிலிக்கான் மாதிரி ஏதாவது தடவியிருப்பார்கள். அதை எடுக்காமல் சாண்ட் பேப்பரை வைத்தால், கீறல்களுக்குள் அந்த மெழுகை நாமே தேய்த்து இறக்குகிறோம். அதனால் வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் முதலில், பிறகு நல்ல தண்ணீர், பிறகு பிளாஸ்டிக் கிளீனர். கிளீனருக்கு இரண்டு துணி வேண்டும். ஒரு கையில் நனைத்த துணி, மறு கையில் காய்ந்த துணி. நனைந்தது போன தடத்திலேயே, ஈரம் ஆவியாவதற்கு முன் காய்ந்தது போக வேண்டும். ஈரம் தானாகக் காய்ந்தால் அழுக்கு இடம் மாறியதே தவிர வெளியேறவில்லை. ஒரு தடவையில் ஒரு அடி நீளம், அவ்வளவுதான். துணியை மடித்து மடித்துப் புதுப்பக்கம் காட்டுங்கள். தேர்வாளர் இதை உற்றுப் பார்ப்பார்.

பெயிண்ட் படாத புது பம்பர் என்றால் சுமார் 60 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடு காட்டுவது நல்லது. உள்ளே ஊறியிருக்கும் பொருள் வியர்வையாக வெளியே வரும், அதை மறுபடி துடைக்கலாம். பெயிண்ட் பூத்தில் வைக்கும்போது அடியில் தாங்கல் கொடுங்கள், இல்லாவிட்டால் பம்பர் தொங்கிவிடும்.

தேய்ப்பதற்குச் சாம்பல் நிற ஸ்கஃப் பேட் (சொரசொரப்பான தேய்ப்புத் துணி) போதும். மூலை முடுக்கில், எழுத்துப் பள்ளங்களில் ஸ்கஃப் பேஸ்ட் வைத்து விரலால் இறக்குங்கள். பெயிண்ட் உரியத் தொடங்குவது நாம் சோம்பல்படும் அந்தப் பள்ளங்களில்தான். முரட்டுப் பேப்பரை வேகமாக ஓட்டினால் பிபி நார் நாராக எழும்பும், அந்த நார் கிளியர் என்ற கடைசி மேல்பூச்சுக்கு மேலேயும் தெரியும். தேய்த்தபின் மறுபடி கழுவி, ஸ்டேடிக் மின்சாரத்தை எடுக்கும் துடைப்பு, தூசியை ஒட்டி எடுக்கும் டேக் துணி.

வெளிக்கடையில் வாங்கும் பம்பர் கறுப்பு பிரைமரோடு வரும். அதை நம்பி நேரடியாகக் கலர் அடிப்பவர்கள் உண்டு. தின்னர் நனைத்த துணியை ஒரு ஓரத்தில் கொஞ்சம் தேய்த்துப் பாருங்கள். கரைந்து வந்தால் அந்த பிரைமரை எடுத்துவிட்டு முதலிலிருந்து வர வேண்டும், வேறு வழியில்லை.

புரமோட்டரைத் தடிமனாக அடித்தால் பிடிப்பு கூடாது, குறையும். பரப்பு நனைந்த மாதிரி தெரிந்தால் போதும். அடித்தபின் எவ்வளவு நேரத்துக்குள் அடுத்த கோட் போக வேண்டும் என்று அந்தப் பொருளின் டேட்டா ஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத் தாளில்) இருக்கும். அது ஒவ்வொரு பொருளுக்கும் வேறு. அந்த நேரம் தாண்டினால் புரமோட்டரை மறுபடி அடிக்க வேண்டும். வளையும் பாகம் என்றால் 2கே (ஹார்டனர் கலந்து அடிக்கும்) பிரைமரிலும் கிளியரிலும், வளைய விடும் ஃப்ளெக்ஸ் அடிட்டிவ் சேர்க்க வேண்டுமா என்பதையும் அதே தாளில் பாருங்கள். விறைப்பான ஏபிஎஸ் பாகத்துக்குப் பொதுவாக அது தேவைப்படாது.

டர்பனில் வேலை செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று. கோடைக் காற்றில் ஈரம் நிறைய, அது கம்ப்ரஸர் வழியாக கன்னுக்குள் வரும். காலையில் டாங்க்கையும், காற்றிலுள்ள தண்ணீரைப் பிடிக்கும் வாட்டர் டிராப்பையும் வடித்துவிட்டுத் தொடங்குங்கள். குளிர்ந்த அறையிலிருந்து எடுத்த பம்பரில் உடனே அடிக்காதீர்கள். அதன் பரப்பு பனிநிலை வெப்பத்தைவிட (காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பம்) குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். இதைத் தேர்வில் நீங்களாகவே சொன்னால் தேர்வாளர் முகம் மாறும், நான் பார்த்தேன்.

கடைசியில் ஒட்டுதல் சோதனை. ஐஎஸ்ஓ 2409 முறைப்படி பூச்சில் கத்தியால் ஆறு கோடு, குறுக்கே ஆறு கோடு, 25 கட்டம். பிளாஸ்டிக் மாதிரி மென்மையான அடிப்பரப்பில், 120 மைக்ரான் வரையுள்ள படலத்துக்குக் கோடுகளுக்கிடையே 2 மில்லிமீட்டர். டேப் ஒட்டி இழுத்ததும் ஒன்றும் உரியாவிட்டால் 0, மிக மோசம் என்றால் 5. மார்க்கைச் சொல்வதோடு நிறுத்தாமல் எங்கே உரிந்தது என்றும் சொல்லுங்கள். வெறும் பிளாஸ்டிக் தெரிந்தால் சுத்தத்திலோ புரமோட்டரிலோ கோளாறு. பிரைமருக்கும் கலருக்கும் நடுவில் பிரிந்தால், நேரம் தாண்டியிருக்கலாம் அல்லது பிரைமரை ஒழுங்காகத் தேய்த்திருக்க மாட்டார்கள்.

2கே பெயிண்டில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும், வந்தபின் தொழிலையே விட வேண்டிவரும். வாசனை வருகிறதா என்று பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, அதனால் காற்று குழாய் மாஸ்க் போட்டுத்தான் அடிக்க வேண்டும். வெறும் துணி மாஸ்க்கோடு கன்னைத் தூக்கியவரை என் மையத்தில் அங்கேயே நிறுத்தினார்கள்.

தேர்வு ஆங்கிலத்தில் நடக்கும். நமக்குத் தெரிந்த விஷயமே வாயில் வராமல் நின்றுவிடும். அதனால் கடையில் பம்பரைத் தயார் செய்யும்போதே ஒவ்வொரு படியையும் அதன் காரணத்தையும் ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். பக்கத்தில் ஒரு தம்பியை நிற்க வைத்து, ‘ஏன், ஏன்’ என்று கேட்கச் சொல்லுங்கள். உங்கள் கடையில் பயன்படுத்தும் புரமோட்டரின் டேட்டா ஷீட்டை ஒருமுறை முழுதாக வாசித்துவிட்டால் தேர்வில் வரும் வார்த்தைகளில் பாதி அதிலேயே கிடைக்கும்.